முதல் கட்ட ஆய்வில் கையெழுத்துப் போடும் முன்

"எங்க பையனை வெச்சு மருந்தைச் சோதிச்சுப் பார்க்கப் போறீங்களா டாக்டர்?" ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. ஆமாம், சோதனைதான். எதைச் சோதிக்கிறோம் என்பதைத்தான் மருத்துவர்கள் பல நேரம் விளங்கச் சொல்வதில்லை.

புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வின் முதல் கட்டத்தில் தேடுவது, உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பதைத்தான். நோய் குறைகிறதா என்பது அதற்கு அடுத்தது. வழக்கமாக மூன்று பேருக்குக் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு அளவு கூடும். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இரண்டு பேருக்கு வந்தால் அதற்கு மேல் ஏற்றமாட்டார்கள். அதனால் முதலில் சேர்பவருக்குப் போகும் மருந்து நோயை அடக்கப் போதாமலும் இருக்கலாம்.

நெலராபின் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பி.என்.பி. என்ற நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு டி செல்கள் (ஒரு வகை வெள்ளையணுக்கள்) மிகக் குறைவாக இருப்பது 1975இல் தெரியவந்தது. அந்த நொதி இல்லாவிட்டால் ஒரு வேதிப்பொருள் தேங்கி டி செல்களைக் கொன்றுவிடுகிறது. சரி, அதே வழியில் டி செல்களில் வரும் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயையும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயையும் அடிக்கலாமே என்று யோசித்ததில் வந்த மருந்து இது. அமெரிக்காவில் 1990களில் நடந்த முதல் கட்ட ஆய்வில் நோய் பலருக்குக் குறைந்தது. ஆனால் அளவைக் கூட்டவிடாமல் தடுத்தது நரம்பு: தூக்கக் கலக்கம், மரத்துப்போதல், கை கால் பலவீனம். பெரியவர்கள் நாளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரையும், குழந்தைகள் 60 வரையும்தான் தாங்கினார்கள். 2005இல் அங்கே அனுமதி கிடைத்தது. இன்றும் இந்த மருந்து ஏற்றும் நாட்களில், சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, நடக்கும்போது தடுமாறுகிறதா என்று கேட்கிறோம். அன்று அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் பட்ட பாட்டிலிருந்து கற்றது அது.

உங்களிடம் சம்மதப் படிவம் நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், நாங்கள் எந்த அளவில் சேர்கிறோம், வாரத்துக்கு எத்தனை முறை வர வேண்டும், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எத்தனை என்று கேளுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும். பாதியில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் இன்னொன்று: 'வேண்டாம்' என்று சொன்னாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்காது.