முதலில் குரல், மற்றதெல்லாம் பிறகு

ராக் குழு ஒன்றின் பாடகருக்குத் தீராத நோய் என்று தெரியவந்தால், ரசிகர்கள் முதலில் துருவுவது பாடல் வரிகளைத்தான். எந்த வரியில் சாவு ஒளிந்திருக்கிறது, எந்தச் சொல்லில் விடைபெறுகிறார் என்று தேடுவார்கள். குயீன் குழுவின் ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’ பாட்டுக்கு இந்தத் துருவல் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கவில்லை. ஆனால் அதன் வரிகளில் பெரும்பகுதியை எழுதியது நோயில் விழுந்த பாடகர் ஃப்ரெடி மெர்குரி அல்ல, கிட்டார் கலைஞர் பிரையன் மே. நோயின் தடம் வேண்டுமென்றால் வரிகளை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் போக வேண்டும். யார் முதலில் பதிவு செய்தார்கள், ஒரு டேக், அதாவது ஒரே தடவையில் எடுக்கும் பதிவு, எவ்வளவு நீளம், தாளத்தை யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

மெர்குரிக்கு எச்ஐவி தொற்று உறுதியானது 1987-இல். அவர் குயீனோடு கடைசியாக மேடையேறியது அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று, இங்கிலாந்தின் நெப்வொர்த்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன்னால். பிறகு சுற்றுப்பயணமே கிடையாது. மேடையில் வாசித்துக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டால் பாட்டின் கட்டுமானமும் மாறும். 1991 பிப்ரவரியில் வந்த ‘இன்யூவெண்டோ’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஆறரை நிமிடம் ஓடுகிறது, நடுவில் ஸ்பானிய கிட்டார் வருகிறது, அதற்காக யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹவ் வந்து வாசித்தார். நாளைக்கே ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டிய பாட்டாக இருந்தால் இவ்வளவு தாராளமாகச் செய்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

இனி உடலுக்கு வருவோம். எச்ஐவி, நோய் எதிர்ப்பின் தளபதிகளான சிடி4 அணுக்களை அழிக்கிறது. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும் இவை 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. அப்போது சாதாரண மனிதரை அண்டாத கிருமிகள்கூட நுரையீரலில் குடியேறும். 1987-இல் அமெரிக்கா அனுமதித்த ஏஇசட்டி என்ற மருந்தைத் தவிர அன்றைக்குப் பெரிதாகக் கையில் எதுவும் இல்லை. உயிரைக் காப்பாற்றும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாகக் கிடைத்தது 1996 வாக்கில்தான்.

இதில் பாட்டு எங்கே அடிபடுகிறது? குரல்வளையில் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து மேலே வரும் காற்று அவற்றைத் திறந்து மூடிக்கொண்டே வெளியேறுகிறது; நொடிக்கு 440 முறை திறந்து மூடினால், மேற்கத்திய வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க உதவும் அந்த ‘ஏ’ சுரம். சாதாரணப் பேச்சுக்கு நாண்களுக்குக் கீழே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீர் உயர அழுத்தம் போதும். உச்சத்தில் கத்திப் பாடும் ராக் பாட்டுக்கு அது பல மடங்காக வேண்டும். அதுவும் ஏறாமல் இறங்காமல், வரி முடியும் வரை நிற்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துவது விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளும் வயிற்றுத் தசைகளும். உடல் மெலிந்து, நுரையீரல் கெட்டு, நிமிடத்துக்கு எடுக்கும் மூச்சு கூடும்போது இந்தத் தசைகள்தான் முதலில் கைவிடும். தம் பிடிக்க முடியாது.

குரல்நாண்கள் அப்படியல்ல. மிகச் சிறிய தசைகள், அவற்றின் பயிற்சி எளிதில் அழியாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு மெர்குரியின் பதிவுகளை அளந்து பார்த்தது. நீட்டும் சுரத்தில் வரும் அந்த அதிர்வு, பாடகர்களிடம் வழக்கமாக நொடிக்கு 5.4 முதல் 6.9 முறை இருக்கும். அவரிடம் சராசரி 7.04. அப்படி ஒரு குரல்வளை. ஆர்மோனியத்தின் ரீடு புதிதாகவே இருக்கிறது, துருத்தியில்தான் ஓட்டை என்று வைத்துக்கொள்ளலாம். நீளமாக வாசிக்க முடியாது; ஆனால் வாசிக்கிற நாலு சுரம் அசல் சுரம்.

அந்த நாலு சுரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு விடை ஸ்டூடியோவில் இருந்தது. சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்ட்ரூவில் மவுன்டன் ஸ்டூடியோஸ் அப்போது குயீனுக்கே சொந்தம். லண்டன் பத்திரிகைக்காரர்களின் தொல்லை அங்கே குறைவு. உடம்பு ஒத்துழைக்கிற நாளில், ஒத்துழைக்கிற சில மணி நேரம் மட்டும் வேலை.

ராக் பாட்டில் வழக்கமான வரிசை என்ன? டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் முதலில். பாடகர் கடைசியில் வருவார். இங்கே அது தலைகீழானது. டிரம் மெஷின் தட்டும் ஒரு தாளம், மேலே கொஞ்சம் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்), அவ்வளவு போதும், பாடு. மற்றதை நாங்கள் பிறகு பார்த்துக்கொள்கிறோம். ஏன் மெஷின்? ஆள் வாசிக்கும் தாளம் பல்லவியில் ஒரு மயிரிழை வேகமெடுக்கும், சரணத்தில் தளரும். இன்று ஒரு வரி, நாளை மறுநாள் இரண்டு வரி என்று எடுத்தவற்றை அதன்மேல் ஒட்டினால் பிசிறு தட்டும். மெஷினின் தாளம் எந்த நாளிலும் ஒன்றுதான். துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தும். ஆண்டுகள் கழித்து அசல் டிரம்ஸை மேலே ஏற்றினாலும் பொருந்தும்.

ஒட்டுவதில் வேறு தொல்லைகளும் உண்டு. மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஓரிரு அங்குலம் குறைந்தாலே குரலின் அடித்தொனி கனத்துவிடும். ஒலிப்பதிவாளர் டேவிட் ரிச்சர்ட்ஸ் இந்த வேலையில் கைதேர்ந்தவர். ‘யூ டோன்ட் ஃபூல் மீ’ பாட்டை, மெர்குரி விட்டுப்போன உதிரித் துண்டுகளிலிருந்து பெரும்பாலும் அவரே கோத்து உருவாக்கினார்.

‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’ இந்த இடத்தில் ஒரு விதிவிலக்குப் போலத் தோன்றும். மே அதற்கான மாதிரிப் பதிவில் உச்ச வரிகளைக் கள்ளக்குரலில்தான் பாடியிருந்தார். இந்த நிலையில் இவரால் முடியுமா என்று தயங்கியபோது, மெர்குரி ஒரு மடக்கு வோட்காவை விழுங்கிவிட்டுப் போய்ப் பாடிக் கொட்டிவிட்டார் என்று மே பிற்பாடு சொல்லியிருக்கிறார். (வோட்கா குரலை வறட்டும், எந்த மருத்துவரும் பரிந்துரைக்க மாட்டார்.) குரல்வளை சேதமில்லாமல் இருந்ததால்தான் இது சாத்தியமானது. அந்த நேரத்து வேகத்தில் சுரக்கும் அட்ரினலினும் கொஞ்ச நேரம் துருத்தியைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

1991 மே மாதம் பதிவான ‘மதர் லவ்’ வேறு கதை. மெர்குரியும் மேயும் சேர்ந்து எழுதியது. தாழ்ந்த குரலில், மைக்கை அணைத்துக்கொண்டு தொடங்குகிறது. நடுவே திடீரென்று மேல் ஸ்தாயிக்குப் பாய்கிறது. அதோடு களைத்துவிட்டார். மிச்சத்தைப் பிறகு பாடுகிறேன் என்று போனவர் அதற்குத் திரும்பவில்லை. நவம்பர் 23 அன்று நோயை உலகுக்கு அறிவித்து, மறுநாள் மூச்சுக்குழல் நிமோனியாவில் இறந்தார். வயது 45. இன்று நாம் கேட்கும் பதிவில் கடைசிச் சரணத்தைப் பாடுவது மே. இறுதியில் 1986 லண்டன் வெம்பிளி கச்சேரியின் கூட்டத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.

மீதி மூவரும் அந்தக் குரல்களைச் சுற்றி இசையமைத்து 1995 நவம்பரில் ‘மேட் இன் ஹெவன்’ வெளியிட்டார்கள். போதாத இடத்துக்கு, மெர்குரியின் 1985 தனி ஆல்பத்திலிருந்தும் குரலை எடுத்துப் புது வாத்தியங்களைப் பூட்டினார்கள். சிறந்த ஆல்பம் என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு பேர் ஒரே அறையில் முட்டி மோதும்போது வரும் முரட்டுத்தனம் அதில் இல்லை, எல்லாம் மழமழப்பு. பாடகரோடு வாத்தியம் சண்டை போட முடியாத நிலையில் வேறு எப்படி வரும்?

அந்த முறை இன்னும் ஓயவில்லை. 1988-இல் பாடி, தேறாது என்று ஒதுக்கி வைத்திருந்த ‘ஃபேஸ் இட் அலோன்’ குரலைச் செப்பனிட்டு, துண்டுகளைக் கோத்து, 2022 அக்டோபரில் புதுப் பாட்டாகவே வெளியிட்டார்கள்.