வானம் கறுப்பு, நேரம் பகல்

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் தே தாரிக் ஆறுவதற்குள் தீர்ப்பாகிவிடும் வழக்குகளில் ஒன்று, நிலாவில் மனிதன் இறங்கவே இல்லை என்பது. சாட்சி, படத்தில் நட்சத்திரம் இல்லாதது. காற்றே இல்லாத இடம், வானமும் கன்னங்கரேலென்று கிடக்கிறது, ஒன்றாவது தெரிய வேண்டாமா? கேள்வி நியாயமானதுதான். தீர்ப்பில்தான் அவசரம்.

கறுப்பு வானத்தைக் கண்டதும் நம் மனம் அதை இரவு என்று எடுத்துக்கொள்கிறது. பூமியில் பகல் வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம், காற்று சூரிய ஒளியைச் சிதறடிப்பது. நிலாவில் சிதறடிக்கக் காற்று இல்லை; அதனால் உச்சிவெயிலிலும் வானம் கறுப்பாகவே இருக்கும். 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நடந்தது அந்த இடத்தின் காலை வெயிலில். தரை பளிச்சிட்டது, வெள்ளை உடை அதைவிடப் பளிச்சிட்டது. அவற்றைச் சரியாகப் பதிய வைக்க, கேமராவில் ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் ஏறக்குறைய 1/250 நொடி திறந்தால் போதும். நட்சத்திரங்களைப் பதிய வைக்கவோ 10 நொடியாவது திறந்திருக்க வேண்டும். இடையில் 2,500 மடங்கு வித்தியாசம்.

இதைச் சோதிக்க ராக்கெட் வேண்டாம். இரவில் விளக்குப் போட்டுப் பந்து விளையாடும் திடலுக்குப் போய், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன்மேல் கைப்பேசியின் குறியை வைத்துப் படம் எடுங்கள். சட்டையில் உள்ள எண்கூடத் தெளிவாக விழும். மேலே வானம் வெறும் கரி. இப்போது ஷட்டரை 10 நொடிக்கு மாற்றுங்கள். திடல் முழுவதும் வெள்ளைக் குழம்பாகிவிடும்.

கைப்பேசிக் கேமராவுக்குள் இருக்கும் ஒளி உணரும் சில்லில் கோடிக்கணக்கான நுண்கட்டங்கள் ஒளியைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மரத்தில் பால் கொட்டுகிறது. பக்கத்து மரம் வற்றிப்போய்ச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. வற்றிய மரத்து மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) நாலு சொட்டு சேரட்டும் என்று காத்திருந்தால், அடுத்த மங்கு எப்போதோ நிரம்பி வழிந்திருக்கும். எல்லா மங்கையும் ஒரே நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது கேமராவின் விதி.

மேலே போனால் நட்சத்திரங்கள் பல மடங்கு பிரகாசமாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆகாது. தெளிந்த இரவில் தலைக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியில், காற்று தின்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். (புகைமூட்டக் காலத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) கண்ணுக்கும் இதே தொல்லைதான். நிலாவின் பகல் பக்கத்தில் வெறும் கண்ணால் நட்சத்திரம் பார்க்க முடியவில்லை என்று ஆர்ம்ஸ்ட்ராங் 1969 ஆகஸ்டில் செய்தியாளர்களிடம் சொன்னார். சதிக்கதைக்காரர்கள் இதையும் ஒப்புதல் வாக்குமூலமாக்கிவிட்டார்கள்.

ஒளி போதுமான அளவு இருந்தால் பதியத்தான் செய்கிறது. 1971இல் அப்போலோ 14 எடுத்த சில படங்களில் வெள்ளிக் கோள் சிறு புள்ளியாக விழுந்திருக்கிறது. விடியலில் பால் வெட்டப் போனவர்கள் பார்த்த அதே விடிவெள்ளி. அடுத்த ஆண்டு அப்போலோ 16, நட்சத்திரம் எடுப்பதற்கென்றே ஜார்ஜ் கருதர்ஸ் என்ற விஞ்ஞானி வடிவமைத்த புற ஊதாக் கேமராவைக் கொண்டுபோனது. அதை வெயிலில் வைக்கவில்லை, இறங்குகலத்தின் நிழலில் வைத்தார்கள். நட்சத்திரங்களும் கிடைத்தன, பெரிய மகெல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் திரளும் கிடைத்தது.

நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முசாபர் 2007 அக்டோபரில் போய்த் தங்கிய விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடத்தில் பூமியை ஒரு முறை சுற்றுகிறது. அதில் ஏறக்குறைய பாதி வெயில், மீதி பூமியின் நிழல். வெயிலில் எடுத்த படத்தில் வெள்ளைத் தகடுகளும் நீலக் கடலும் இருக்கும், நட்சத்திரம் இருக்காது. நிழல் பக்கத்தில், உள்ளே விளக்கை அணைத்துவிட்டு எடுத்தால் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். ஆனால் நிலையம் திரும்பிக்கொண்டே போவதால், ஷட்டரைத் திறந்து வைத்தால் அவை கோடாக இழுபடும். டான் பெட்டிட் என்ற விண்வெளி வீரர் 2012இல் அந்தக் குறையையே அழகாக்கினார்: 30 நொடிப் படங்களைப் பலவாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேலே நட்சத்திரங்கள் வளைந்த கோடுகளாகவும், கீழே நகர விளக்குகள் மஞ்சள் கீற்றுகளாகவும், மின்னல்கள் வெள்ளைத் திட்டுகளாகவும் பதிந்தன.

அவர் செய்ததைத் தோட்டத்திலேயே செய்யலாம். அங்கே நட்சத்திரம் 1 நிமிடத்தில் நகரும் தூரத்துக்கு இங்கே 16 நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஆலை விளக்குக்கு எட்டாத, மறுநடவு செய்த பகுதியாகப் பாருங்கள். முதிர்ந்த செம்பனையின் கீழ் வானமே தெரியாது. தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. நள்ளிரவில் முக்காலியோடு நிற்பவரைக் காவலாளி பழம் திருட வந்தவர் என்றுதான் நினைப்பார்.