அறுபது படகுகள், ஒரே கோடு: சிறுவர் பாய்மரப் போட்டியின் விதிகளும் பாதுகாப்பும்

காற்று வரும் திசைக்குக் குறுக்கே, போட்டிக் குழுவின் படகில் நிற்கும் ஒரு கம்பத்துக்கும் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்ட ஒரு மிதவைக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று கிடக்கிறது. அதற்குப் பின்னால் அறுபது சிறு பாய்மரப் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. நிற்கின்றன என்று சொல்வதுகூடப் பிழை. பாய்மரப் படகுக்குப் பிரேக் கிடையாது என்பதால், பாயைத் தளர்த்திப் படபடக்க விட்டு, இருந்த இடத்திலேயே மிதந்துகொண்டிருக்க முயல்கின்றன. ஒவ்வொரு படகிலும் ஒரே ஆள், வயது பதினைந்துக்குள். அறுபது பேரும் அந்தக் கோட்டை ஒரே நொடியில் கடக்க விரும்புகிறார்கள். கால்பந்தில் போலக் கூடவே ஓடிவந்து ஊதல் ஊதும் நடுவர் இங்கே இல்லை. இருந்தும் பெரும்பாலான நாட்களில் எல்லோரும் பத்திரமாகக் கரை சேர்கிறார்கள் என்றால், பத்து வயதுப் பிள்ளை இரண்டு நொடிக்குள் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை கரையிலேயே எடுக்கப்பட்டுவிட்டன என்பதுதான் காரணம்.

இந்தப் போட்டிகளில் உலகெங்கும் அதிகம் காணப்படும் படகு ஆப்டிமிஸ்ட். 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில், கிளியர்வாட்டர் என்ற ஊரில், கிளார்க் மில்ஸ் என்ற படகு வடிவமைப்பாளர் பிள்ளைகளுக்காகவே வரைந்த வடிவம் இது. இரண்டு ஒட்டுப்பலகைத் தாள்களில் செய்துவிடக்கூடிய மலிவான படகு வேண்டும் என்பதே அவருக்கு வைக்கப்பட்ட கோரிக்கை. அதனால்தான் அதன் மூக்கு கூராக இல்லாமல், ஏதோ குளிக்கும் தொட்டியின் ஓரம்போல மழுங்கலாக இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், உடலின் எடை 35 கிலோ, பாயின் பரப்பு ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர். பதினைந்து வயது நிறையும் ஆண்டு முடியும்வரை ஒருவர் இதில் போட்டியிடலாம்.

அந்தச் சின்னப் பாயில் காற்று என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். காற்றின் விசை அதன் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 18.5 கிலோமீட்டர் வேகத்தில், வீசும் காற்று அந்தப் பாயை ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். காற்று 20 நாட் ஆனால் அது 10 கிலோ ஆவதில்லை, 20 கிலோவைத் தாண்டுகிறது. அந்த விசை பாயின் நடுவில், நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் செயல்பட்டுப் படகைச் சாய்க்கப் பார்க்கிறது. எதிரெடையாக இருப்பது, பாதங்களைப் பட்டைக்குள் கோத்துக்கொண்டு படகின் விளிம்புக்கு வெளியே முதுகைச் சாய்க்கும் ஒரு பிள்ளையின் உடல் மட்டுமே. பதினான்கு வயதில் 50 கிலோ இருக்கும் ஒருவருக்கு இன்பமான காற்று, ஒன்பது வயதில் 28 கிலோ இருக்கும் ஒருவருக்கு ஆபத்தான காற்றாக இருக்கலாம். போட்டிக் குழு நாள் முழுதும் காற்றுமானியையே பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். பந்தயத்தில் இறங்குவதா, தொடர்வதா என்ற முடிவு அந்தந்தப் படகினுடையதே என்று உலகப் பாய்மர விதிநூல் சொல்கிறது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் முடிவை யார் எடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கரையில் நிற்கும் பெற்றோருக்கு ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லத் துணிவு இருக்க வேண்டும்.

அந்த விதிநூலை வேர்ல்ட் செயிலிங் என்ற பன்னாட்டு அமைப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. இப்போது நடப்பிலிருப்பது 2025 முதல் 2028 வரைக்கான பதிப்பு. ஒலிம்பிக் வீரருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் ஒரே நூல்தான்.

தொடக்கத்துக்கு வருவோம். தொடக்கத்துக்குச் சரியாக 5 நிமிடம் இருக்கும்போது அந்தப் படகு வகையின் கொடி ஏறும். 4 நிமிடத்தில் ஆயத்தக் கொடி. வழக்கமாக அது நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்டது. 1 நிமிடத்தில் ஆயத்தக் கொடி இறங்கும். சுழியத்தில் வகைக் கொடியும் இறங்கும், பந்தயம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் ஒலியும் உண்டு, ஆனால் நேரத்தைக் கொடியைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும், ஒலி வராமல் போனாலும் பொருட்படுத்தக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கோட்டின் ஒரு முனையில் ஊதினால் 170 மீட்டர் தள்ளி மறுமுனையில் இருப்பவருக்கு அது அரை நொடி தாமதமாகக் கேட்கும். காற்று எதிராக வீசினால் கேட்காமலே போகலாம். 3 நாட் வேகத்தில் வரும் ஆப்டிமிஸ்ட் நொடிக்கு ஒன்றரை மீட்டர் நகர்கிறது என்றால், அந்த அரை நொடியில் முக்கால் மீட்டர் போய்விடும். கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்க அது போதும். ஒளிக்கு இந்தத் தாமதம் இல்லை.

முந்திக்கொண்டவர்களை அடக்கவும் கொடிகள் உண்டு. ஓரிரு படகுகள் முந்தினால் வெள்ளையில் நீலச் சிலுவைக் கொடி ஏறும். அவை திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். யார் முந்தினார் என்றே பிரிக்க முடியாத அளவுக்குக் கூட்டம் பாய்ந்துவிட்டால் எல்லோருக்கும் மறுதொடக்கம். அதுவும் திரும்பத் திரும்ப நடந்தால் ஆயத்தக் கொடியாகக் கறுப்புக் கொடி வரும். கடைசி ஒரு நிமிடத்தில், கோட்டின் இரு முனைகளும், பந்தயப் பாதையில் படகுகள் சுற்ற வேண்டிய முதல் மிதவையும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்துக்குள் காணப்பட்ட படகு விசாரணையே இல்லாமல் தகுதியிழக்கும். பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கொடுமையான தண்டனை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பந்தயங்கள் மறுபடி மறுபடி தொடங்கி, குளிரில் நடுங்கும் பிள்ளைகள் கூடுதலாக ஒரு மணி நேரம் நீரிலேயே கிடப்பது அதைவிடக் கொடுமை.

கோட்டைக் கடந்த பிறகு யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற கேள்வி வருகிறது. எந்தப் பாய்மரப் படகும் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போக முடியாது. காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து, ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். ஆகவே முதல் மிதவையை நோக்கிச் செல்லும் படகுகளின் பாதைகள் கத்தரிக்கோல் அலகுபோல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே இருக்கும். இங்கேதான் விதிகளின் அழகு இருக்கிறது. படகின் வலப்புறத்திலிருந்து காற்றை வாங்குபவர் ஸ்டார்போர்டு. இடப்புறத்திலிருந்து வாங்குபவர் போர்ட். போர்ட் படகு ஸ்டார்போர்டு படகுக்கு வழிவிட வேண்டும். இருவரும் ஒரே பக்கத்திலிருந்து காற்றை வாங்கியபடி பக்கத்தில் பக்கத்தில் போனால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் மற்றவருக்கு வழிவிட வேண்டும். ஏனெனில் அவருடைய பாயில் தடையில்லாத காற்று இருக்கிறது, மற்றவரோ அவருடைய பாயின் நிழலில் இருக்கிறார். ஒருவர் பின்னால் ஒருவர் போனால், பின்னால் வருபவர் விலக வேண்டும். திசை மாற்றத் திரும்பிக்கொண்டிருப்பவர் அனைவருக்கும் வழிவிட வேண்டும். வயது, அனுபவம், பரிசுப் பட்டியலில் இடம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

இரண்டு படகுகள் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் செங்கோணத்தில் நெருங்கும்போது, அவற்றின் இடைவெளி நொடிக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் குறைகிறது. 10 மீட்டர் தொலைவில் ஒருவரையொருவர் பார்த்தால், கையில் இருப்பது 5 நொடிகூட இல்லை. அந்த நேரத்தில் வாதம் செய்ய முடியாது. “ஸ்டார்போர்டு!” என்று ஒரு குரல் கேட்கும், போர்ட் படகின் சுக்கான் திரும்பும், அவ்வளவுதான். சென்னைத் துறைமுகத்துக்குள் பயிற்சி பெறும் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டாலும் இந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியேதான் கத்துகிறார்கள். எனினும் உரிமை இருக்கிறது என்பதற்காக நேராக வந்து மோத யாருக்கும் அனுமதி இல்லை. மற்றவர் விலகப்போவதில்லை என்பது தெளிவானதும், முன்னுரிமை உள்ளவரும் இயன்றவரை மோதலைத் தவிர்க்க வேண்டும்.

மிதவையைச் சுற்றித் திரும்பும் இடமே மிகவும் நெரிசலானது. அங்கே மூன்று படகு நீள ஆரம் கொண்ட ஒரு வட்டத்தை விதி கற்பனை செய்கிறது. ஆப்டிமிஸ்டுக்கு அது ஏறத்தாழ 7 மீட்டர். முதல் படகு அந்த வட்டத்தைத் தொடும் கணத்தில் இரண்டு படகுகளில் ஒன்றின் மூக்கு மற்றதன் பின்முனையைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்திருந்தால், வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவருக்கு மிதவையைச் சுற்ற இடம் தர வேண்டும். அதற்குப் பிறகு யாரும் மூக்கை நுழைத்து உரிமை கோர முடியாது. வட்டத்தின் விளிம்பிலிருந்து மிதவைவரை 4 அல்லது 5 நொடிதான் என்பதால், கடைசி நேரத்தில் உரிமைகள் மாறாதபடி முன்கூட்டியே உறையவைக்கும் ஏற்பாடு இது.

தவறு செய்தவர் தானே தண்டனையை ஏற்கிறார். கூட்டத்திலிருந்து விலகி, ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடரலாம். மிதவையை மட்டும் உரசியிருந்தால் ஒரு சுற்றுப் போதும். யாருக்காவது காயமோ படகுக்குக் கடும் சேதமோ ஏற்படுத்தியிருந்தால் சுற்றினால் தீராது, பந்தயத்தை விட்டே விலக வேண்டும். ஒப்புக்கொள்ளாதவர்மேல் “புரொட்டெஸ்ட்!” என்று கத்திவிட்டு, கரைக்கு வந்து எழுத்தில் முறையிடலாம். பிறகு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பொம்மைப் படகுகளை நகர்த்திக்காட்டி, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வழக்கறிஞர்களைப் போல வாதிடுவார்கள்.

படகு கவிழ்வதை யாரும் விபத்தாகக் கருதுவதில்லை. அது பயிற்சியின் ஒரு பகுதி. படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நீந்திக் கரைக்குப் போக முயலக் கூடாது என்பதே முதல் பாடம். நீரில் ஒரு தலை தெரிவது கடினம், கவிழ்ந்த படகு தூரத்திலிருந்தே தெரியும். பிறகு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டேகர்போர்டு என்ற பலகையின்மேல் எடையைப் போட்டால், நெம்புகோல்போல அது படகை மெல்ல நிமிர்த்தும். நிமிர்ந்த ஆப்டிமிஸ்ட் தொட்டி நிறைய நீரோடு இருக்கும். பக்கங்களில் கட்டிய காற்றுப்பைகள் அதை மூழ்கவிடாமல் தாங்க, பிள்ளை வாளியால் இறைத்துக் கொட்டும். அந்த வாளி ஒரு கயிற்றால் படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆப்டிமிஸ்ட் படகு வகைக்கான விதி. துடுப்பும் அப்படியே. கவிழும்போது பாய்மரம் குழியிலிருந்து கழன்றுவிடாதபடி பிணைத்திருக்க வேண்டும். 8 மீட்டருக்குக் குறையாத, நீரில் மிதக்கும் ஒரே துண்டுக் கயிறு முன்புறம் கட்டியிருக்க வேண்டும். மீட்புப் படகு இழுத்துச் செல்ல அதுவே பிடி. மிதக்கும் கயிறாக இருக்க வேண்டியதற்குக் காரணம், மூழ்கும் கயிறு இயந்திரப் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

உடலில் அணியும் மிதப்பு மேலாடை எந்த நிலையிலும் காப்பாற்றிவிடும் என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நம் உடல் பெரும்பாலும் நீர்தான் என்பதால், நீருக்குள் அதன் எடை மிகக் குறைவு. தலையை வெளியே வைத்திருக்கச் சில கிலோ தூக்குவிசை போதும். பாய்மரப் போட்டிகளில் அணியும் மேலாடை 50 நியூட்டன் தரத்தது, அதாவது பெரியவருக்கு ஏறத்தாழ 5 கிலோ தூக்குவிசை. சிறு உடலுக்கு அளவு குறையும். நினைவோடு இருப்பவரை அது மிதக்கவைக்கும், நினைவிழந்தவரை மல்லாந்து திருப்பிவிடாது. அப்படித் திருப்பும் பருத்த உறையை அணிந்துகொண்டு படகுக்குள் குனிந்து நிமிர முடியாது என்பதால் இந்தச் சமரசம். மேலாடை காப்பாற்றிவிடும் என்று நம்பிவிடாமல், மீட்புப் படகு சில நிமிடங்களுக்குள் எட்டும் தொலைவிலேயே பந்தயம் நடக்க வேண்டும் என்பதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. மேலாடையோடு ஓர் ஊதலும் கட்டாயம்.

குளிர் இன்னொரு எதிரி, வெப்ப நாடுகளிலும்தான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. எடையோடு ஒப்பிட்டால் சிறு உடலுக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் குளிர்ந்துவிடுகிறார்கள். பேச்சு குழறுவதும், கயிற்று முடிச்சை அவிழ்க்க விரல்கள் மறுப்பதும் மீட்புப் படகில் இருப்பவர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

மீட்புப் படகே ஆபத்தாகிவிடக் கூடாது. நீரில் பிள்ளை இருக்கும்போது அருகே சென்றதும் இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். ஓட்டுபவரின் தொடையில் ஒரு சுருள் கயிறு மாட்டியிருக்கும். அவர் தூக்கி எறியப்பட்டால் அது பிடுங்கிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தும். 2013-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் பேட்ஸ்டோ அருகே ஒரு ரப்பர் விசைப்படகிலிருந்து ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் நீரில் வீசப்பட்டார்கள். அந்தக் கயிறு யாருடனும் பிணைக்கப்படவில்லை. ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து அவர்கள்மேலேயே ஏறியதில் இருவர் இறந்தார்கள்.

பயிற்சியாளர்களின் படகுகள் பந்தயப் பரப்புக்குள் நுழையக் கூடாது என்பது வழக்கமான கட்டளை. ஓர் ஆர்வக்கோளாறான பெரியவர் மீறினால், அதற்காகப் பிள்ளைக்கே தண்டனை கிடைக்கலாம். ஆனால் வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி கொண்ட வி கொடி ஓர் ஒலியோடு ஏறினால் நிலைமை தலைகீழாகிறது. அங்கிருக்கும் எல்லாத் துணைப் படகுகளும் போட்டிக் குழுவின் வானொலி அலைவரிசையில் தேடல், மீட்புக் கட்டளைகளுக்குக் காதுகொடுத்தாக வேண்டும். திடீர்ப் புயற்காற்றில் இருபது படகுகள் ஒரே நேரத்தில் கவிழ்ந்தால், முதலில் ஆட்கள், பிறகுதான் படகுகள். பிள்ளையை ஏற்றிக்கொண்ட பின் காலிப் படகில் ஒரு வண்ண நாடாவைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாடா இல்லையென்றால், அடுத்து வரும் மீட்புப் படகு அதே காலிப் படகின் அடியில் ஆளைத் தேடி நேரத்தை இழக்கும்.

விதிநூலின் முதல் விதி மேலே சொன்ன எதுவும் அல்ல. ஆபத்தில் இருக்கும் எவருக்கும் எந்தப் படகுக்கும் இயன்ற எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பதே அது. 1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூசானில் நடந்தபோது, கனடாவின் லாரன்ஸ் லெமியூ தன் பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். வேறொரு பந்தயத்தின் சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து, இரு வீரர்களும் அடிபட்டு நீரில் கிடப்பதைக் கண்டு, பாதையை விட்டு விலகிப்போய் அவர்களைக் காப்பாற்றினார். மற்றவர்கள் அவரைக் கடந்து வெகுதூரம் போய்விட்டார்கள். நடுவர் குழு அவருக்கு அந்தப் பந்தயத்தின் இரண்டாம் இடத்தையே திருப்பிக் கொடுத்தது. உதவி செய்ததால் இழந்ததை ஈடுகட்ட விதிநூலில் தனிப் பிரிவே இருக்கிறது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் முதல் விதி, கடைப்பிடிப்பவரைத் தோற்கடிக்கும் விதியாகிவிடும்.

நாள் முடியும்போது எல்லாம் ஓர் எண்ணிக்கையாகச் சுருங்குகிறது. காலையில் நீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும் கரையிலுள்ள பலகையிலிருந்து தன் எண் பொறித்த வில்லையை எடுத்துக்கொள்ளும். திரும்பியதும் தானே மாட்டும், பிறர் மாட்டக் கூடாது. நடுவில் விலகியவர் போட்டிக் குழுவுக்குச் சொல்லாமல் கரையேறி, உடை மாற்றி, தின்பண்டக் கடையில் நின்றுகொண்டிருந்தால், அவருக்காக மூன்று படகுகள் இருட்டும்வரை நீரில் தேடும். இது பல இடங்களில் நடப்பதுதான், மறுநாள் மதிப்பெண் தண்டனையும் உண்டு. பாய்கள் சுருட்டப்பட்டு, படகுகள் கழுவப்பட்ட பின்னும் பலகையின் முன் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். எல்லா ஆணிகளிலும் வில்லை தொங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் வானொலியை எடுத்து, கடைசி மீட்புப் படகைக் கரைக்கு வரச் சொல்வார்.