ஆளைக் குறைத்த கடையில் முதலில் பொய் சொல்வது ஸ்டாக் கணக்கு

விற்பனை மந்தமானால் பெரிய சில்லறை வணிக நிறுவனங்கள் முதலில் கைவைப்பது கடையில் நிற்கும் ஊழியர்கள்மேல்தான். வாடகையை உடனே குறைக்க முடியாது. ரோஸ்டரில், அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலில், நான்கு பெயரை அடிப்பது சுலபம். சம்பளம் விற்பனையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தால், விற்பனை 100-லிருந்து 90-க்கு இறங்கியதும் சம்பளமும் 9-க்கு இறங்கியாக வேண்டும். விற்பனை ஏன் இறங்கியது என்று அந்த விதி கேட்காது.

ஆள் குறைந்ததும் பில்லிங் வரிசை நீள்வது எல்லோர் கண்ணிலும் படும். ஸ்டாக் கணக்கு கெடுவது படாது. ஒரு ஷாம்பு 6 பாட்டில் இருப்பதாக சிஸ்டம் காட்டும். அலமாரியில் ஒன்றுகூட இருக்காது. 2 பாட்டில் குடோனில் பிரிக்காத பெட்டியில் கிடக்கும். 1 உடைந்திருக்கும், கழிவில் எழுதியிருக்க மாட்டார்கள். மீதி 3 அவசரத்தில் வேறு வாசனை பாட்டிலின் பார்கோடில் பில்லாகிப் போயிருக்கும். இருப்பு 3-க்கு இறங்கினால்தான் தானியங்கி ஆர்டர் கிளம்பும் என்றால், இந்த ஷாம்புக்கு ஆர்டரே போகாது. வாராவாரம் எண்ணிப் பார்த்தால் பிடிபட்டிருக்கும். எண்ணும் ஆளைத்தானே அனுப்பிவிட்டார்கள்! சில வாரம் கழித்து அறிக்கையில் அது 'நகராத சரக்கு' ஆகிவிடும், பட்டியலிலிருந்தும் தூக்கிவிடுவார்கள். விற்பனை இன்னும் சரியும், அடுத்த சுற்று ஆட்குறைப்புக்குக் காரணம் தயார்.

அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் நிறுவனம் 2007 மார்ச்சில் சுமார் 3,400 கடை ஊழியர்களை நீக்கியது. சந்தை நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். பொருளை விளக்கி விற்கத் தெரிந்த அனுபவசாலிகள் அதில் நிறையப் பேர். 2008 நவம்பரில் திவால் மனு, 2009 மார்ச்சில் கடைகள் மூடல். போட்டியும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்தே அதைச் சாய்த்தன என்றாலும், அந்த ஆட்குறைப்பு அதைக் காப்பாற்றவில்லை.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் கடைக்குள் வந்த வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் பில் எண்ணிக்கையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 1,000 பேர் வந்து 300 பில் போட்ட இடத்தில், அதே 1,000 பேருக்கு 240 பில்தான் என்றால் கோளாறைக் கடைக்குள் தேடுங்கள். ஸ்டோர் மேனேஜரைத் திட்டிப் பயனில்லை. சம்பளச் செலவைக் குறைத்தால் அவருக்கு போனஸ், சரக்கு இழப்பு மட்டும் வேறு கணக்குத் தலைப்பில் என்று வைத்தால் யாரும் ஆளைத்தான் குறைப்பார்கள்.

ஊழியர்களுக்கு: ஆட்குறைப்பு என்று தனி அறைக்கு அழைத்து, 'ராஜினாமா எழுதிக் கொடுங்கள், உங்கள் பேருக்கு நல்லது' என்றால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியதாக ஆனால் பல நாடுகளில் இழப்பீடும் நோட்டீஸ் காலச் சம்பளமும் கைவிட்டுப் போகும். படிக்க அவகாசம் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, மதிப்பீட்டுக் கடிதம், மிச்சமுள்ள விடுப்புக் கணக்கு ஆகியவற்றின் நகலை முன்பே வீட்டில் வைத்திருங்கள். கம்பெனியின் விற்பனை அறிக்கை, வாடிக்கையாளர் பட்டியல் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதையே காட்டி ஒழுங்கு நடவடிக்கை என்று இழப்பீடில்லாமல் அனுப்பிவிடுவார்கள்.