ஒலி மாசு அன்று, இரைச்சல்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் தொலைக்காட்சிச் செய்தியின் அடிவரியிலும், அரசு விளம்பரங்களிலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கும் கட்டுரைப் போட்டியின் தலைப்பிலும் 'ஒலி மாசு' என்னும் தொடர் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். தேர்தல் காலத்திலும் ஆடி மாதத்திலும் அது மறுபடி தலைகாட்டும். நகரத்தில் வாழ்பவரின் உறக்கத்தையும் படிப்பையும் நோயாளியின் ஓய்வையும் காக்க எழுதப்பட்ட ஒரு நல்ல சட்டத்தின் பெயர், தமிழில் இப்படிப் பொருள் பிறழ்ந்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. 'இரைச்சல்' என்று எல்லோர் வாயிலும் உள்ள சொல்லை ஒதுக்கிவிட்டு இந்தத் தொடரைக் கட்டியவர்கள், 'நாய்ஸ் பொல்யூஷன்' என்ற ஆங்கில மூலத்தின் பொருளையும் பிடிக்கவில்லை, தமிழின் பொருளையும் பார்க்கவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தின் 'நாய்ஸ்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூச்சல், பூசல் என்று பொருள். அதற்கும் முன்னால், குமட்டலைக் குறிக்கும் 'நாசியா' என்ற இலத்தீன் சொல்லே மூலம் என்பது பெரும்பாலோர் கொள்கை. எப்படிப் பார்த்தாலும் வெறுப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காதில் விழும் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லாக ஆங்கிலத்தில் 'சவுண்ட்' தனியே உண்டு. தமிழில் அந்தப் பொதுச்சொல்லின் இடத்தில் இருப்பது 'ஒலி'. விரும்பத்தகாதது என்ற குறிப்போடு வருவது 'இரைச்சல்'. இரை என்னும் வினையிலிருந்து வந்த அச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'இரைந்து பேசாதே' என்கிறோம், வயிறு இரைகிறது என்கிறோம், மருத்துவரிடம் போய்க் காது இரைச்சல் என்று சொல்கிறோம். இவற்றில் எதையாவது 'ஒலி' என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தானே விளங்கும்.

'மாசு' எப்படி வந்து ஒட்டியது என்பதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில், காற்றை மாசுபடுத்தும் பொருள் எது என்ற வரையறைக்குள் இரைச்சலையும் 1987இல் ஒரு திருத்தத்தின் மூலம் சேர்த்தார்கள். பின்னர்ச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டு தனி விதிகள் வந்தன. அவற்றின் அட்டவணைக்கே 'இரைச்சலைப் பொறுத்தவரை சுற்றுப்புறக் காற்றின் தரம்' என்னும் பொருளில்தான் தலைப்பு இருக்கிறது. காற்றுக்கு மாசு, நீருக்கு மாசு, அந்த வரிசையில் ஒலிக்கும் மாசு என்று மொழிபெயர்ப்பாளர் கணக்குப் போட்டுவிட்டார். அங்கேதான் பிழை நிகழ்ந்தது. காற்று மாசு என்றால் காற்றில் படிந்த மாசு, நீர் மாசு என்றால் நீரில் கலந்த மாசு. முன்னே நிற்கும் சொல் கெட்டுப்போன பொருளைக் குறிக்கிறது, கெடுத்த பொருளைக் குறிக்கவில்லை. அதே வாய்பாட்டில் ஒலி மாசு என்றால், ஒலியில் கலந்த மாசு என்றுதான் பொருள் வரும். பழைய வானொலியில் பாட்டுக்கு நடுவே கரகரவென்று கேட்குமே, அதற்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தலாம்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு, அதையும் எடைபோட வேண்டும். 'பிளாஸ்டிக் மாசு' என்கிறோம், அங்கே பிளாஸ்டிக்கே மாசாக இருக்கிறது, அதுபோல ஒலியாகிய மாசு என்று இருபெயரொட்டாகக் கொள்ளலாமே என்பார்கள். இலக்கணம் அதற்கு இடம் தரும், ஆனால் பொருள் இடம் தராது. பிளாஸ்டிக் எங்கே கிடந்தாலும் மண்ணுக்குக் கேடு. ஒலி அப்படிப்பட்டதா? தாய் தாலாட்டுவதும் ஒலி, நாகசுரமும் ஒலி, பேருந்து நடத்துநரின் விசிலும் ஒலி. ஒலியை மாசு என்று பெயரிட்டுவிட்டால், எந்த ஒலி, எவ்வளவு ஒலி, எந்த நேரத்து ஒலி என்று சட்டம் கேட்கும் கேள்விகளுக்கே இடமில்லாமல் போகிறது. சட்டமோ அந்தக் கேள்விகளின் மேல்தான் நிற்கிறது. குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்தில்கூடப் பகலில் 50, இரவில் 40 டெசிபல் வரை ஒலிக்கு இசைவு உண்டு. அங்கும் ஒலி இல்லாமல் இல்லை, இரைச்சல்தான் கூடாது. 'ஒலி மாசு 78 டெசிபலாகப் பதிவானது' என்ற போக்கில் செய்தி எழுதுவோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கருவி அளப்பது ஒலியை. அந்த அளவு வரம்பைக் கடந்ததா என்று பார்த்து இரைச்சல் என முடிவு செய்வது சட்டம். இரண்டு வேலைக்கும் தமிழில் இரண்டு சொற்கள் கையில் இருக்க, ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக் குழப்புவது ஏன்?

குறளைக் காட்டுவோரும் உண்டு. 'ஒலித்தக்கால் என்னாம் உவரி எலிப்பகை' என்ற இடத்தில் கடல்போல் ஆரவாரிப்பதைத்தானே வள்ளுவர் ஒலித்தல் என்றார், ஆகவே ஒலி என்பதற்குள் இரைச்சலும் அடங்கும் என்பது அவர்கள் வாதம். அடங்கும்தான். ஆனால் பழந்தமிழில் 'ஒலிமென் கூந்தல்' என்றால் தழைத்த கூந்தல். அந்தப் பொருளும் இன்று வழக்கில் இல்லை. ஒலிபெருக்கி, ஒலிப்பதிவு, ஒலிபரப்பு, ஒலியியல் என்று நூறு ஆண்டுக்குள் நாம் சமைத்துக்கொண்ட சொற்களெல்லாம் ஒலியை நன்மை தீமை சாராத அறிவியல் சொல்லாக்கிவிட்டன. பழைய அகலத்தைக் காட்டி அந்தத் தெளிவை இழப்பது மொழிக்கு நட்டம். பழமைதான் வேண்டும் என்றால், மதுரைக்காஞ்சி, நாளங்காடி என்னும் பகல் சந்தையிலும் அல்லங்காடி என்னும் இரவுச் சந்தையிலும் எழுந்த பேரொலியைக் 'கம்பலை' என்கிறது. நகர இரைச்சலுக்கு அதைவிடப் பொருத்தமான சங்கச் சொல் இல்லை. ஆயினும் அதை இன்று சட்டத்தில் வைக்க நான் சொல்லமாட்டேன். புகார் எழுதும் பொதுமக்களுக்கு அது தெரியாது, இரைச்சல் தெரியும்.

இன்னொரு தொல்லை காதுக்கு. நம்மில் பலர் பேச்சில் லகர ளகர வேறுபாட்டைக் காட்டுவதில்லை. இப்போது 'ஒளி மாசு' என்று இன்னொரு தொடரும் தேவைப்பட்டு வந்துவிட்டது. சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள், கடலின் வெளிச்சம் என்று எண்ணித் தெருவிளக்குப் பக்கம் ஊர்ந்து போய் மடிவது ஒளி மாசினால். அங்கே அந்தத் தொடர் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். வானொலியில் ஒருவர் 'ஒலி மாசு, ஒளி மாசு இரண்டையும் தடுப்போம்' என்று பேசினால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? 'இரைச்சல்' என்றால் இந்தக் குழப்பமே எழாது.

வேறு போட்டிச் சொற்களை விரைவில் சொல்லிவிடலாம். 'சத்த மாசு'வில் வடசொல் கலந்திருப்பதை நான் பெரிய குறையாகச் சொல்லவில்லை. மக்கள் சத்தம் என்றே பேசுகிறார்கள், பேசட்டும். 'மாசு' ஒட்டியிருப்பதே அங்கும் குறை. 'வேண்டா ஒலி' என்பது வரையறை, பெயர் அன்று. சிங்கப்பூரில் மாசுக்குத் 'தூய்மைக்கேடு' என்பார்கள். காற்றுக்கும் நீருக்கும் அது அழகான சொல், ஆனால் ஒலியின் தூய்மை கெட்டது என்று சொன்னால் பழைய பிழையே திரும்பி வரும்.

இரைச்சல் என்று சொல்லத் தயங்குவதற்கு மொழி சாராத காரணம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கோயில் ஒலிபெருக்கியையோ தேவாலயத்துப் பாட்டையோ இரைச்சல் என்றால் சிலர் மனம் புண்படும், ஒலி மாசு என்றால் ஏதோ ஆய்வுக்கூடத்துச் சொல்போல வலிக்காமல் போய்விடும். சட்டம் அப்படித் தயங்கவில்லை. சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் ஒரு தேவாலயத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்தோ ஒலிபெருக்கி வைத்தோ முரசறைந்தோ வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாடுபவரின் பக்தியை அது குறை சொல்லவில்லை. அதே பாட்டு பக்கத்து வீட்டில் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு இரைச்சலாகலாம் என்பதைத்தான் ஏற்றுக்கொண்டது. மென்மையான சொல்லைத் தேடுவது, படுத்திருப்பவரின் பக்கத்தை மறைப்பதாகும்.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்கு உள்ள மனக்குறை இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. 'ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள்' என்று அந்த விதிகளின் பெயரை எழுதுகிறார்கள். அடைப்புக்குறியும் 'மற்றும்' என்பதும் ஆங்கிலத் தலைப்பின் எலும்புக்கூடு. 'இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள்' என்றால் குறைவது என்ன? தமிழில் கட்டுப்பாடு என்ற ஒரு சொல்லே ஒழுங்குபடுத்துவதையும் தாங்கும். 'ஒலி மாசு ஏற்படுத்துதல் தவிர்க்கப்பட வேண்டும்' என்று பலகை எழுதி மருத்துவமனை வாசலில் நிறுத்துகிறார்கள். 'ஹாரன் அடிக்காதீர்' என்றால் ஆட்டோ ஓட்டுநர் முதல் நீதிபதி வரை எல்லோருக்கும் புரியும், 'ஒலிப்பானை ஒலிக்காதீர்' என்று எழுதினாலும் குற்றமில்லை. நுண்ணிய வேறுபாடு தேவைப்படும் இடத்தில் பொதுச்சொல்லைப் போட்டுவிட்டு, எளிய சொல் போதுமான இடத்தில் நீண்ட தொடரை இழுப்பது அலுவலக மொழிபெயர்ப்பின் நிலையான வழக்கமாகிவிட்டது.

இரைச்சலோடு சேர்த்துப் பேச வேண்டிய அதிர்வுக்கும் இதே கதிதான். அடுத்த மனையில் ஆழ்துளைக் கிணறு தோண்ட ரிக் வண்டி வந்து நின்றதும், சன்னலை எல்லாம் சாத்திவிட்டால் காதுக்கு ஓரளவு தப்பலாம். ஆனால் அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், தண்ணீர்க் குடத்தின் மேற்பரப்பில் வட்ட வட்டமாக நடுக்கம் ஓடும், தரையில் பாய் விரித்துப் படுத்தால் முதுகில் உணரலாம். இது காதின் வழி வருவது அன்று, நிலத்தின் வழி வருவது. இதற்கு அளவு டெசிபலில் மட்டும் இல்லை. நிலத்துகள் நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் விரைவில் அசைகிறது என்று அளக்கிறார்கள். காதின் உணர்வுக்கு ஏற்பச் சரிசெய்த டெசிபல் கணக்கு தாழ்ந்த சுருதியில் வரும் ஓசைகளைக் குறைத்தே காட்டுவதால், கட்டட அடித்தளத்துக்குப் பைல் என்னும் தூணை நிலத்தில் அடித்து இறக்கும் எந்திரத்தின் அடித்தொனியும் பெரிய ஒலிபெருக்கியின் 'தும் தும்' அடியும் உண்மையில் உள்ளதைவிடக் கருவியில் சிறிதாகத் தெரியும். இப்படி வேறான ஒன்றைச் சிலர் 'அதிர்ச்சி' என்று எழுதுகிறார்கள். இன்றைய தமிழில் அதிர்ச்சி மனத்துக்கும் மின்சாரத்துக்கும் உரியது. வேறு சிலர் 'அதிர்வெண்' என்கிறார்கள். அது நொடிக்கு எத்தனை முறை என்ற எண்ணிக்கை, வேறு ஒரு கலைச்சொல். அதிர்வு என்பதே போதும், நில அதிர்வு என்று எல்லோரும் சொல்லிப் பழகியதும் அதுதான்.

நம் 2000ஆம் ஆண்டு விதிகள் அதிர்வுக்கு வரம்பு எதையும் தரவில்லை. ஜப்பானில் இரைச்சலுக்கு 1968லும் அதிர்வுக்கு 1976லும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. பிரிட்டனின் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியை எடுத்தது: இரைச்சல் என்பதில் அதிர்வும் அடங்கும் என்று ஒரு வரியில் வரையறுத்துவிட்டது. அந்த வரியை 'ஒலி' வைத்துத் தமிழாக்கிப் பார்த்தால் 'ஒலி என்பதில் அதிர்வும் அடங்கும்' என்று வரும். ஒலியே ஓர் அதிர்வுதான் என்று எட்டாம் வகுப்பு மாணவனே கேட்பான், சட்டம் சொல்ல வந்தது அங்கேயே தொலைந்துவிடும். 'இரைச்சல் என்பதில் அதிர்வும் அடங்கும்' என்றால், காதில் விழாவிட்டாலும் தரை நடுங்கி உறக்கம் கெட்டவரும் வழக்குத் தொடுக்கலாம் என்ற பொருள் நேராக வருகிறது. இங்கும் ஒருநாள் அதிர்வை விதிகளுக்குள் கொண்டுவரும்போது, தமிழில் அதன் பெயர் 'இரைச்சல், அதிர்வுக் கட்டுப்பாட்டு விதிகள்' என்றே இருக்கட்டும்.