ஃப்ரெட்டோ: சொல் விளக்கம்

ஃப்ரெட்டோ என்பது தவளை உருவத்தில் வார்த்த சின்னப் பால் சாக்லேட். பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன். அங்கே விற்கும் சாதாரண ஃப்ரெட்டோ 12 கிராம்தான், இரண்டு கடியில் முடிந்துவிடும், முதல் கடி தலையிலா காலிலா என்பது அவரவர் இரக்கத்தைப் பொறுத்தது.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'ஃப்ரெட்' என்பது ஃப்ரெடரிக் என்பதன் சுருக்கம், வாலில் ஒட்டியிருக்கும் 'ஓ' அசல் ஆஸ்திரேலியச் சரக்கு. அந்த ஊர்க்காரர்களுக்கு எந்தச் சொல்லையும் முழுதாகச் சொல்லப் பொறுமை கிடையாது. டேவிட் டேவோ ஆகிவிடுவார், பிற்பகல் ('ஆஃப்டர்நூன்') ஆர்வோ, பெட்ரோல் பங்க் ('சர்வீஸ் ஸ்டேஷன்') சர்வோ. நம் ராமசாமி ராமு ஆவதும் பாலசுப்ரமணியன் பாலு ஆவதும் இதே வேலைதான், நமக்கு உகரம், அவர்களுக்கு ஓகாரம்.

இந்தத் தவளை முதலில் எலியாக வந்திருக்க வேண்டியது. மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதியில் மேக்ஃபர்சன் ராபர்ட்சன் என்பவர் 1880இல் வீட்டுக் குளியலறையில் ஆணி டப்பாவை வைத்துச் சர்க்கரை காய்ச்சி மிட்டாய் தொழிலைத் தொடங்கினார். அது 'மேக்ராபர்ட்சன்ஸ்' என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது, தொழிற்சாலைக் கட்டடங்களுக்கெல்லாம் வெள்ளையடித்து, வேலையாட்களுக்கும் வெள்ளை உடுப்பு கொடுத்து வைத்திருந்த ஆள் அவர். (பின்னாளில் டக்ளஸ் மாசன் என்ற ஆய்வாளரின் அண்டார்டிகப் பயணத்துக்குப் பணம் கொடுத்ததால் அங்கே ஒரு நிலப்பகுதிக்கே அவர் பெயர் இருக்கிறது, மிட்டாய்க் காசு எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.) 1930இல் எலி உருவத்தில் சாக்லேட் போடலாம் என்று அங்கே பேச்சு வந்தபோது, அச்சு வார்க்கும் பிரிவிலிருந்த ஹாரி மெல்பர்ன் என்ற இளைஞர், எலி என்றால் பெண்களும் பிள்ளைகளும் பயப்படுவார்கள், தவளை போடுங்கள், நம் பிள்ளைகள் குட்டை குட்டையாகத் தலைப்பிரட்டை தேடித்தானே அலைகிறார்கள் என்றார். முதலாளியும் சரி என்றார். மெல்பர்ன் ஊரில் மெல்பர்ன் என்றே பெயர் கொண்டவர் சொன்ன யோசனை.

1967இல் கேட்பரி அந்த நிறுவனத்தை வாங்கியது, தவளையும் கூடவே கைமாறியது. 1973இல் பிரிட்டனுக்குப் போனது, 1979இல் நிறுத்தினார்கள், மறுபடி 1994இல் வந்தது. அங்கே போனதும் சொல்லுக்கு இன்னொரு பொருள் சேர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் 10 பென்னிக்கு விற்றது பிறகு ஏறிக்கொண்டே போனதால், விலைவாசியைத் திட்ட வேண்டும் என்றால் அந்த ஊர் இளவட்டங்கள் ஃப்ரெட்டோவைத்தான் இழுப்பார்கள். சம்பளத்தையே ஃப்ரெட்டோ கணக்கில் ஒப்பிட்டுப் பேசுபவர்கள் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஃப்ரெட்டோ சிறப்புப் பெயர், அதை மொழிபெயர்க்கக் கூடாது, ராமுவை யாரும் இங்கிலீஷில் பெயர்ப்பதில்லை. பொதுப் பெயர்தான் வேண்டும். 'காவிக்கண்டு' என்று சாக்லேட்டுக்கு ஒரு சொல் இணையத்தில் சுற்றுகிறது. கற்கண்டு போல அமைத்திருக்கிறார்கள், அமைப்பில் குறையில்லை, ஆனால் 'காவிக்கண்டுத் தவளை' என்று ஒரு குழந்தையிடம் நீட்டினால் அது வாங்காது. சாக்லேட் என்பதே மெக்சிகோவின் நாவாட்ல் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக உலகம் சுற்றிய சொல், ஆங்கிலேயனுக்கும் அது கடன்தான், நமக்கு மட்டும் ஏன் கூச்சம்? ஈழத்தமிழர் சொக்லேட் என்று எழுதுவார்கள், அதுவும் நன்றாகவே இருக்கிறது.

அடுத்தது சொல் வரிசை. 'தவளை சாக்லேட்' என்றால், மாங்காய் ஊறுகாய் மாதிரி, தவளையைப் போட்டுச் செய்ததோ என்று ஒரு நொடி தோன்றும். 'சாக்லேட் தவளை' என்றால் அந்தச் சந்தேகம் இல்லை, சர்க்கரை பொம்மை என்று சொல்கிறோமே அந்த வரிசை. கடையில் இருக்கும் மொத்த வகைக்கும் (கோவாலா விலங்கு உருவத்தில் வரும், இதே கேட்பரியின் காரமெல்லோ கோவாலா உட்பட) ஒரு பெயர் வேண்டுமென்றால் 'அச்சுச் சாக்லேட்' என்று சொல்லலாம். அச்சு வெல்லம் சொல்லும் வாய்க்கு அது புதிதல்ல, ஹாரி மெல்பர்ன் பார்த்த வேலையும் அதில் வந்துவிடுகிறது.

தேரை, நுணல், மண்டூகம் என்று அகராதி புரட்டுபவர்களுக்கு ஒன்று: தேரை வேறு ஜாதி, தோல் சொரசொரப்பாக இருக்கும். ஃப்ரெட்டோ வழவழப்பானது, ஆகவே தவளைதான். நுணல் தன் வாயால் கெடும், இது அடுத்தவர் வாயால்.