ஈர மரத்தை வெயிலில் வைக்காதீர்கள்

அகழாய்வில் கிடைக்கும் பழைய மரங்களைப் பதப்படுத்துவது என் வேலை. ஒருமுறை ஒரு தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, சேற்றில் கிடைத்த மரத்துண்டைக் கழுவி வெயிலில் வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். சாயங்காலத்துக்குள் அது சுருங்கி, நீளவாக்கில் பிளந்து, கை பட்டாலே உதிர்ந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஈர மரம் எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஜப்பானின் அவோமோரி நகரில் உள்ள சன்னாய் மாருயாமாவைப் பாருங்கள். சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 4,200 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஜோமோன் எனப்படும் பழங்கால ஜப்பான் மக்கள் அங்கே ஊர் அமைத்து வாழ்ந்தார்கள். நெல் விவசாயம் ஜப்பானுக்கு வராத காலம் அது. 1992-ல் பேஸ்பால் மைதானம் கட்டுவதற்காக அந்த இடத்தில் பெரிய அளவில் அகழாய்வு தொடங்கியது. 1994-ல் ஆறு பெருங்குழிகள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 2 மீட்டர் ஆழம். குழிக்குக் குழி 4.2 மீட்டர் இடைவெளி. உள்ளே ஒரு மீட்டர் விட்டமுள்ள செஸ்ட்நட் என்ற கொட்டை மரத் தூண்களின் அடிப்பகுதி! மைதான வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தும் மாகாண அரசு அதை நிறுத்திவிட்டது. லேசான முடிவு இல்லை அது. 2021-ல் அந்த ஊர் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

மரம் தப்பியதற்கு முக்கியக் காரணம் நிலத்தடி நீர். தூணின் மேற்பரப்பைக் கருக்கி நட்டிருந்ததும் உதவியது. நீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது, மரத்தைத் தின்னும் பூஞ்சைகள் பெருகாது. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மரத்தின் சத்து மெல்லக் கரைந்து, அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்துவிடும். பார்வைக்கு மரம், உள்ளே பெரும்பாலும் தண்ணீர். அது சட்டென்று வற்றினால் செல்சுவர்கள் நொறுங்கிவிடும். அதனால்தான் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகு மாதிரியான அந்தப் பொருளை நிரப்புகிறோம்.

சன்னாய் மாருயாமாவின் ஈர மண்ணில் மரப்பட்டையால் பின்னிய சின்னப் பை ஒன்றும் கிடைத்தது, உள்ளே ஒரு வால்நட்டோடு. காய்ந்த மண்ணாக இருந்திருந்தால் அந்தப் பை மக்கிப் போயிருக்கும்.

சரி, கடைக்கால் தோண்டும்போதோ குளம் தூர்வாரும்போதோ ஈர மண்ணில் பழைய மரம் கண்ணில் பட்டால், இழுக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். ஈரத் துணியால் மூடி, மேலே பாலித்தீன் போர்த்தி, நிழல் கொடுங்கள். அப்புறம் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.